மணப்பெண்ணின் நிறம்

ஒரு ஸ்டூடியோவுக்குப் புது மானிட்டர் வந்தது. அதில் தெரிந்த முதல் படமே ஒரு மணப்பெண். ஸ்டூடியோக்காரர் மானிட்டரின் பொத்தானை அமுக்கி அமுக்கி வெளிச்சத்தைக் கூட்டினார். மாநிறமாக இருந்தவள் பால் போல வெளுத்தாள். "இப்பதான்யா படம் சூப்பர்!" என்றார்.

அச்சில் வந்ததோ அதே மாநிறப் பெண். "இந்த பிரின்டரைப் பழைய சாமான் கடையிலதான் போடணும்" என்று அதன் தலையில் தட்டினார்.

மானிட்டருக்கு மண்டை குடைந்தது. "அண்ணே, அந்தப் பொண்ணு நெசத்துல என்ன நிறம்?"

"எனக்கு வந்ததை அடிச்சேன். நேர்லயா பார்த்தேன்?" என்று முனகியது பிரின்டர்.

மறுநாள் ஆல்பம் வாங்க மணப்பெண்ணே வந்தாள். மானிட்டரை உற்றுப் பார்த்து, "இது யாருங்க?" என்றாள். ஸ்டூடியோக்காரர் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

மானிட்டரின் இருண்ட கண்ணாடியில் தன் முகம் தெரியவே, அவள் குனிந்து பொட்டைச் சரிசெய்துகொண்டு லேசாகச் சிரித்தாள்.

"அண்ணே, பார்த்துட்டேன்! நீங்க அடிச்சதுதான் சரி!" என்று மானிட்டர் துள்ளியது.

கரண்ட் வந்தது. ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, பழைய சாமான் கடைக்குப் போன் போட்டார்.