நாற்பத்தாறாவது துண்டு

மார்ச் 12, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். மாலை வகுப்பில் ஆளுக்கொரு குரோமோசோம் படம் கொடுத்து, வெட்டி ஜோடி ஜோடியாக ஒட்டச் சொன்னார் ஆசிரியை. இதில் தேறினால்தான் ஆய்வகப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்துதான் இருந்தது. கடைசி எக்ஸ் குரோமோசோமுக்கு ஜோடி இல்லை. குப்பையென்று எதையோ ஊதித் தள்ளியது நினைவுக்கு வந்தது. மேசையடியில் தவழ்ந்து தேடினால் மானம் போகும். அந்த எக்ஸைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று வரைந்து ஒட்டிவிட்டேன்.

“இன்னுமா எண்ற? நான் ஒட்டின கோந்தே காஞ்சுபோச்சு,” என்றார் பக்கத்து மேசைத் தையல்கார அக்கா.

ஆசிரியை என் தாளை எடுத்தார். “இது ஆணோடதா, பெண்ணோடதா?”

“ரெண்டு எக்ஸ் இருக்கே மேடம். பெண்தான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“அடிச்சுச் சொல்றேன் மேடம்.”

“போன வாரம் உன் கையில எடுத்த ரத்தத்தோட படம்தான் தம்பி இது.”

நான் ஊதித் தள்ளியது என் ஒய் குரோமோசோமை. அனிச்சையாக மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

“பெண்கள் வரிசையில ஒரு எடம் காலியா இருக்கு, வந்துடு,” என்றார் அக்கா.

ஆசிரியை இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார். நாளை ஆறு மணிக்குப் புதுப் படம் வாங்கி, முதலிலிருந்து வெட்ட வேண்டும்.