வில்லனுக்கு ஒரு அடி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்த நவநீதகிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் தடவையாக ஒத்திகை பார்க்க வந்திருந்தார்.

மூன்றாவது முறையும் வில்லன் புரட்டியெடுத்தான். கதாநாயகன் சோலைச்சாமி கையை ஓங்கவே இல்லை.

"ஏலே, திருப்பி அடிலே! வில்லனே ஜெயிச்சுக்கிட்டு இருந்தா, அடுத்து என்ன ஆகுமோன்னு எவன் பதறுவான்? கொட்டாவிதான் விடுவான்" என்று கத்தினார் நவநீதகிருஷ்ணன்.

"கை எந்திரிக்க மாட்டேங்குது சார்."

வில்லன் வேடத்திலிருந்த வைகுண்டராஜ் சிரித்தார்.

"சும்மா அடிப்பா. நடிப்புதான? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சோலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன வருச நாடகத்துல பாண்டிகிட்டயும் இதத்தான் சொன்னீக. அவன் அடிச்சான். மறுமாசமே அவன வேலைய விட்டு நிப்பாட்டிட்டீகளே, மொதலாளி."

வைகுண்டராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒட்டு மீசையை மெதுவாகப் பிய்த்தெடுத்தார். யாருடைய முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

"எல்லாரும் செத்த நேரம் உக்காருங்கப்பா" என்றார்.

அவர் எதிரில் ஒருவரும் உட்காரவில்லை.