ஏழாவது கேள்வி

"இந்த வருஷமும் நம்ம அக்கா அரியர்தான்!"

வேன் டிரைவர் சொன்னதும் ஆசிரியர் அறையே சிரித்தது.

பத்தே கேள்விகள். பள்ளியில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று காலையெல்லாம் பயிற்சி. டீ குடித்த கையோடு பரீட்சை. நாலு விடையில் ஒன்றுக்கு டிக். பத்தும் சரியானால்தான் பாஸ். தோட்டக்காரர், ஆயா, பாட்டு வாத்தியார், டிரைவர் எல்லோரும் பத்துக்குப் பத்து. ஆபீஸ் டைப்பிஸ்ட் மட்டும் ஒன்பது.

"எட்டாங்கிளாஸ்ல ஓடிப்போன நானே பாஸ். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற அக்காவுக்கு வரலையே!"

டைப்பிஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஹெச்.எம். வேகமாக வந்தார்.

"ஏம்மா, என் மானத்தை வாங்கணும்னே இருக்கியா? அத்தனை பேரும் பாஸ் பண்ணாத்தான் ஸ்கூலுக்கு சான்றிதழ். போன ரெண்டு வருஷமும் கெஞ்சிக் கூத்தாடி உன்னைக் கரையேத்தினேன். இந்தத் தடவை முடியாது. மேலே கேட்டா உன் சீட்டைத்தான் கிழிக்கணும்."

"இருங்க சார், நான் பேசிப் பார்க்கிறேன்," என்றாள் பயிற்சி கொடுக்க வந்தவள். ஊருக்கும் புதுசு, வேலைக்கும் புதுசு.

விட்டுப்போயிருந்தது ஏழாவது கேள்வி. 'இங்கே பணிபுரியும் ஒருவரைப் பற்றி ஒரு குழந்தை உங்களிடம் புகார் சொன்னால், உடனே யாரிடம் தெரிவிப்பீர்கள்?'

விடை சுவரிலேயே போஸ்டராகத் தொங்கியது. 'குழந்தைகள் பாதுகாப்புக் குழுத் தலைவர்' என்ற எழுத்துக்குக் கீழே ஹெச்.எம்.மின் சிரித்த முகம், போன் நம்பரோடு.

"அக்கா, விடை உங்க தலைக்கு மேலேயே மாட்டியிருக்கே."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"தெரிஞ்சதனாலதான் விட்டேன்."

ஹெச்.எம். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். குரல் தணிந்திருந்தது.

"இந்தா, ஒரே ஒரு டிக். வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்கிறார். இந்த வேலையும் போனா என்ன பண்ணுவே? யோசி."

வாங்கிக்கொண்டாள். பேனா முனையை ஏழாவது கேள்விவரை கொண்டுபோனாள். மூடியைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டாள்.

பயிற்சிக்காரிக்கு என்னவோ உறுத்தியது. பழைய ஃபைலைப் புரட்டினாள். முதல் வருஷப் பரீட்சையில் மொத்தப் பள்ளியிலும் முதல் முயற்சியிலேயே பத்துக்குப் பத்து வாங்கியவள் இந்த டைப்பிஸ்ட் ஒருத்திதான். அதற்கப்புறம் இரண்டு வருஷமும் ஏழாவது கேள்வி காலி.

முழுக்கக் காலி இல்லை. பென்சிலால் எதையோ எழுதி அழித்த தடம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். 1146. அடுத்த வருஷத் தாளிலும் அதே எண். இன்றைய தாளிலும்.

"இது என்ன நம்பர் அக்கா?"

"ஏதாவது கிறுக்கியிருப்பா," என்று முந்திக்கொண்டார் ஹெச்.எம். "நேரமாகுது மேடம், கையெழுத்தைப் போட்டுட்டா..."

"அட்மிஷன் நம்பர்," என்றாள் டைப்பிஸ்ட். "அப்போ மூணாங்கிளாஸ். சாக்பீஸ் வாங்க ஆபீசுக்கு வரும். ஒரு நாள் பாட்டு ரூமுக்குப் போக மாட்டேன்னு என் நாற்காலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. ஏன்டா செல்லம்னு கேட்டேன். சொல்லிச்சு."

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைசி நாற்காலியில் பாட்டு வாத்தியார், பத்துக்குப் பத்து வாங்கிய தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

"முதல் பயிற்சி முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அதுல சொன்ன பாடம் அப்படியே மனசுல இருந்துச்சு. படிச்சபடியே, அந்த நிமிஷமே ஓடிப்போய்ச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

யாரும் ஹெச்.எம்.மைப் பார்க்கவில்லை. எல்லோரும் போஸ்டரைப் பார்த்தார்கள்.

"அக்கா... அந்தக் குழந்தை?"

"மூணாம் நாளே டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க. 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்'னு காரணம் போட்டு. அவங்கம்மா ஆபீஸ் வாசல்ல நின்னு, 'என் பொண்ணு என்னங்க தப்பு பண்ணா?'ன்னு என்னைத்தான் கேட்டாங்க. இப்போ அது ஆறாங்கிளாஸ் படிக்கணும். எங்க படிக்குதோ."

பயிற்சிக்காரியின் கையில் முப்பத்திரண்டு தாள்கள். ஏழாவது கேள்விக்குச் சிவப்பு மையில் 'சரி' என்று அவளே போட்ட முப்பத்தொரு குறிகள்.

"அப்போ, அந்த டி.சி.யை..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் மேடம் டைப் அடிச்சேன்," என்றாள் டைப்பிஸ்ட். "வேலை போயிடுமேன்னு பயந்துக்கிட்டு... ஒரு பிழைகூட இல்லாம."