சிரிப்பில்லாத வாரம்

"இந்த வாரக் காமெடி சுத்த மோசம் மாப்ளே," என்றான் சுருளி. பல வருடமாக டிவியில் ஓடும் நிகழ்ச்சி. இருவரும் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

"ஜோக்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு மச்சான்?" என்றான் யோகராஜ்.

"நல்லா இருந்து என்ன செய்ய? முன்னாடி ஒவ்வொரு ஜோக்குக்கும் கூட்டமே கெக்கெபிக்கேன்னு சிரிக்கும். இப்ப அந்தச் சத்தத்தையே எடுத்துட்டாய்ங்க. பழசைப் போடு, வெரசா!"

"டவர் இல்ல மச்சான். செல்லுல இது ஒண்ணுதான் ஏத்தி வச்சிருக்கேன்."

கீழே, இருட்டத் தொடங்கிய தேவாரம் மலையடிவாரத் தோட்டத்தில் வாழை ஒன்று சடாரென்று முறிந்தது.

சுருளி குரலைத் தாழ்த்தினான். "சிரிப்புச் சத்தம் கேட்டாத்தான் ஆள் நிறைய இருக்குன்னு யானை ஒதுங்கும். ஒத்த ஆள் பேச்சுக்கா பயப்படும்?"

செல்லோடு இணைத்திருந்த ஒலிபெருக்கியில் ஒருவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். அவர்கள் உட்கார்ந்திருந்த காவல் பரண் மெல்ல அசைந்தது.