அண்ணாச்சி மெஷின்

"வேணும்னேதான் அனுப்பிருக்கா. நீங்க கெடுப்பியன்னு தெரிஞ்சே அனுப்பிருக்கா" என்றாள் முத்துமீனாள்.

மகளைக் கட்டிக் கொடுத்த புளியங்குடி வீட்டிலிருந்து ஒரு கொலு பொம்மை வந்திருந்தது. சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். நவராத்திரிக்குள் புதிதாக வர்ணம் அடித்துத் தர வேண்டும், அதுவும் அண்ணாச்சி மெஷினில்தான் அடிக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாள் காந்திமதியம்மாள் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சிவராமலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் அவர் குமாஸ்தா. ஆனால் கொழும்பிலிருந்து வந்த மைத்துனன் ஏர் பிரஷ் என்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து, அவர் நினைப்பில் அவர் ஓவியர். பேனா கனத்தில் ஒரு பித்தளைக் குழல், மேலே பெயிண்ட் ஊற்றச் சின்னக் கிண்ணம், பின்னால் ரப்பர் டியூப். காற்று அடித்தால் பெயிண்ட் பனி மாதிரி இறங்குமாம்.

"இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாத வித்தை. மதிச்சுக் கேக்காவ" என்றார்.

"மதிச்சா? ஆவணியில நீங்க அடிச்சுக் கொடுத்த கிளியப் பாத்துட்டு சம்பந்தி என்ன சொன்னாரு?"

"காக்கா நல்லாருக்குன்னாரு."

"அதுக்குப் பெறகும் கேக்கான்னா ஏன்னு யோசிங்க. இது அவரைப் பெத்த அம்மா வச்சிருந்த பொம்மை. ஒரு கீறல் விழுந்தாலும் மனுசன் ஆடித் தீத்திருவாரு. நம்ம சங்கரம்மாளுக்கு அங்க மொத நவராத்திரி. பொம்மை கெட்டா ஏச்சு யாருக்கு? அவளுக்குத்தான்!"

காந்திமதியம்மாளின் வாய்க்குப் புளியங்குடியில் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாயில் மகள் விழுந்தால் என்ன ஆவது?

ஆனாலும் கை அரித்தது. மெஷினை எடுத்துவிட்டார்.

முதலில் பெருமாளுக்கு நீலம் என்று தீர்மானித்தார். சிவன் பக்கத்தைப் பேப்பரால் மூடி, சோற்றுப் பசையால் ஒட்டினார். கழுத்தைச் சுற்றிக் கரடுமுரடாக ஒரு வரி ஓடியது. சிவன் கழுத்துப் பாம்பு என்று நினைத்துக்கொண்டார். பெருமாள் பக்கமும் அந்தப் பாம்பு வந்திருந்தது. பழைய காலத்துப் பொம்மை, அப்படித்தான் இருக்கும்.

காற்றுக்குச் சைக்கிள் பம்பு. பம்புக்கு முத்துமீனாள்.

மைத்துனன் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று அப்போதுதான் தெரிந்தது. முத்துமீனாள் சாந்தமாக இருந்தால் பெயிண்ட் வரவில்லை.

"கொஞ்சம் வேகமாத்தான் அடியேன், ஏட்டி!"

"ஒங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு இதையும் அடிக்கணுமாக்கும்!"

கோபத்தில் ஓர் அமுக்கு அமுக்கினாள். கிண்ணத்து நீலம் சீறிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அமுக்கினாள்.

"நிப்பாட்டுட்டி! நிப்பாட்டு!"

பேப்பரை உரித்தார். சிவனும் நீலம். பதறிப்போய் மேலே வெள்ளையை அடித்தார். நீலம் காயவில்லை. இரண்டும் குழம்பி வழிந்தன. சங்கு, மழு, முகம் எல்லாம் உள்ளே போய்விட்டன.

"முத்துமீனா, இதுல சிவன் எந்தப் பக்கம்?"

"என்னையவா கேக்கிய?"

அவருடைய மூக்கிலும் மீசையிலும் மட்டும் நீலம் ஒரு திட்டு இல்லாமல் அத்தனை சீராக விழுந்திருந்தது.

பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு புளியங்குடிக்கு பஸ் ஏறினார். வழியெல்லாம் மகள் முகமே கண்ணில் நின்றது.

சம்பந்தி வீட்டில் கொலுப்படிக்கு முன்னால் துணியை அவிழ்த்தார். எலுமிச்சை மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சம்பந்தி சங்கரநயினார் உற்றுப் பார்த்தார். மீசை துடித்தது. பொம்மையை எடுக்கக் கை நீட்டினார்.

காந்திமதியம்மாள் குறுக்கே வந்து விழுந்தாள்.

"இது என்ன அநியாயம்! எங்க மாமியா வச்சுக் கும்பிட்ட சாமி! இப்படி அலங்கோலமாக்கிக் கொண்டாந்திருக்கியளே, கண்ணு அவிஞ்சா போச்சு? தெரியாத வேலை ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சங்கரம்மாள் கதவோரம் நின்று அழுதாள். சிவராமலிங்கம் தலையைத் தொங்கப் போட்டார். முத்துமீனாள் சொன்னது அத்தனையும் சரி. அவமானப்படுத்தத்தான் அனுப்பியிருக்கிறாள்!

கடைசியில் சங்கரநயினாருக்கே கூச்சமாகிவிட்டது.

"ஏட்டி, போதும். ஆசைப்பட்டு அடிச்சாரு, சரியா வரல. சம்பந்தியப் போயி இப்படியா பேசுவே? பொம்மைய மேல்படியில வச்சு, ரெண்டு சரம் பூவச் சுத்தி விடு."

சிவராமலிங்கம் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினார். சங்கரம்மாள் துண்டோடு வந்தாள்.

"அப்பா, என்னாலதான் ஏச்சு வாங்கினிய."

"ஒன்னால என்னம்மா?"

"தொடைக்கையில கை தவறிட்டு. கழுத்து தனியா வந்துட்டு. மாமா மண்டிக்குப் போயிருந்தாவ. அத்தைதான் ஒட்டி, துணியச் சுத்தி, ஒங்களுக்கு அனுப்பினாவ."

பெருமாள் பக்கமும் வந்திருந்த பாம்பு அவருக்கு ஞாபகம் வந்தது.

காந்திமதியம்மாள் காப்பியோடு வந்து நின்றாள். முன்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏசினத மனசுல வைக்காதிய அண்ணாச்சி. அவுக கையில எடுத்துப் பாத்திருந்தா பிள்ளை மாட்டிக்கிட்டிருக்கும்."

சிவராமலிங்கம் காப்பியை வாங்கிக்கொண்டார்.

"அதுக்கு ஏன் சம்பந்தியம்மா, அம்புட்டுத் தூரம் அனுப்பணும்? இங்கனயே நல்ல பொம்மைக்காரன் இருக்கானே?"

"அவன் அழகா அடிச்சிருவானே! ஒட்டு பளிச்சுன்னு தெரியும். ஒங்க கைக்கு வந்தா கழுத்து எங்க இருக்குன்னே தெரியாது. அந்தக் காக்காயப் பாத்தப்பவே எனக்கு ஒங்க மேல நம்பிக்கை வந்துட்டு."