திரும்பி வரும் ஈட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நால்வர் பெனிட்டா வீட்டு மொட்டைமாடியில் கூடி, பகடை உருட்டி ஒரு மாயக் கதைக்குள் சண்டை போடுவார்கள். கதையைச் சொல்வதும் ஆளாளுக்கு ஆயுதம் உருவாக்கிக் கொடுப்பதும் பெனிட்டாதான். நார்வேக்குக் கிளம்பவிருந்த சாதிக், எவ்வளவு தூரம் எறிந்தாலும் கைக்கே திரும்பி வரும் ஈட்டி ஒன்றைத் தன் வீரனுக்குக் கேட்டான்.

"அப்புறம் மத்தவங்க எதுக்கு விளையாடணும்? பலம் குடுத்தா ஈடா ஒரு கஷ்டமும் வைக்கணும்," என்றாள். இரண்டு நாள் யோசித்து வைத்தாள்: ஈட்டி திரும்பும்வரை எறிந்தவன் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது.

சாதிக் கிளம்பும் நாளில் ஆடிய கடைசி ஆட்டத்தில் பனிமலை அரக்கன் எல்லோரையும் துரத்தினான். மற்றவர்கள் தப்பட்டும் என்று சாதிக் ஈட்டியை எறிந்தான். அது பட்டதா என்று பகடை உருட்டுமுன் கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. பகடையைப் பெனிட்டாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். சொல்ல நினைத்திருந்ததை அவள் சொல்லவில்லை.

"சாதிக்கோட வீரன் செத்துட்டான்னு சொல்லிக் கதைய நகர்த்து பெனி," என்றான் கூட ஆடும் லியோ, அடுத்த வாரம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

மார்கழியில் சாதிக் அழைத்தான். வேலை, சாப்பாடு, அம்மாவின் முட்டிவலி எல்லாம் பேசி முடித்தும் போனை வைக்கவில்லை.

"என் ஆளு இன்னும் அங்கயேதான் நிக்கிறானா?"

"நிக்கிறான்."



"ரொம்பக் குளிருது பெனி," என்றான்.