ஊது பாப்போம்

நெடுஞ்செழியன் குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு ஊரூர் குப்பமே சிரிப்பா சிரிச்சது.

பின்னே? ஆட்டோ ஸ்டாண்டுல எவனாவது ஒரு பீர் குடிச்சேன்னு சொன்னாகூட, காது புளிக்கிற அளவுக்கு அட்வைஸ் பண்ற ஆளு அவன். இப்ப தினமும் சாயங்காலம் மக நிஷா தோள்ல தொங்கிக்கிட்டு சந்து முழுக்க ஆடி ஆடி வர்றான். நிறுத்தி வெச்ச ஸ்கூட்டருக்கு ஒரு வணக்கம் வேற. காலி மீன் கூடைகிட்ட நின்னு, கொஞ்சம் வழி விடு தலைவான்னு கெஞ்சறான்.

நிஷா பத்தாவது படிக்கிறா. அம்மை போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்தி இப்பதான் எழுந்திருக்கா. அப்பன் இந்தப் பக்கம் சாஞ்சா அவளும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாஞ்சா அவளும் அந்தப் பக்கம். தங்கமான பொண்ணு, இப்படி ஒரு அப்பனைத் தாங்குதேன்னு தெருவே உச்சுக் கொட்டிச்சு. செழியன் ஆட்டோவுல பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பினவங்க எல்லாம் வேற ஆட்டோ பாத்துக்கிட்டாங்க.

மீன் விக்கிற வேலம்மாவுக்குத்தான் பொறுக்கல. அவளே ஒரு குடிகாரப் புருஷனோட குப்பை கொட்டினவ. ஒரு நாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நடுச்சந்துல மறிச்சா. எதிர்வீட்டு தேவானை முதல் ஆளா வேடிக்கை பாக்க வந்து நின்னா.

"இன்னாடா செழியா, வெக்கமா இல்ல? எத்தினி ஊத்திக்கினு வந்துகீற? ஊது பாப்போம்."

செழியன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். வேலம்மா விடுவாளா, தாடையைப் பிடிச்சு இழுத்தா. வேற வழியில்லாம ஊதினான்.

வெறும் இஞ்சி டீ வாசனை.

வேலம்மா முழிச்சா. செழியன் அவ காதுகிட்ட சாஞ்சான்.

"யக்கா, கத்தாத. ஆடுறது நான் இல்ல, புள்ளதான். அம்மை எறங்கினப்புறம் சிறுமூளையில வீக்கமாம். எங்கயோ ஒரு புள்ளைக்குத்தான் இப்படி வருமாம். சரியாயிடும், தெனம் நடக்க வையின்னு டாக்டர் சொல்லிகீறாரு. இவ வெளிய வந்தா, ஆத்தா இன்னும் எறங்கலன்னு தேவானை கற்பூரம் ஏத்தி குறி கேக்கும்னு அழுவுறா. அதான், சிரிக்கிறவங்க என்னைப் பாத்து சிரிச்சுக்கட்டும்னு..."

நிஷா அப்பன் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேலம்மாவையே பாத்தா.

"இன்னாக்கா, நாறுதா?"ன்னு ஆவலா கேட்டா தேவானை.

வேலம்மா சட்டுனு மூக்கைப் பொத்திக்கிட்டா.

"ஐயே, குடலைப் புரட்டுது. முழு பாட்டிலையும் கவுத்துக்கினு வந்துகீறான் பாவி. நீ ஒருத்தியா இவனை எப்படித் தாங்குவ, கண்ணு? கையைக் கொடு, தெனம் நானும் கூட வரேன்."